வழிகாட்டிச் சிற்றெழுத்து: அலங்கார எழுத்தின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

எழுத்துக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று வாசிக்கப்படுவது, மற்றொன்று பார்க்கப்படுவது. நூலின் நடுவே வரிசையாக நிற்கும் எழுத்து முதல் கடமையோடு நிறைவு கொள்கிறது. அத்தியாயத்தின் தொடக்கத்தில் கொடியும் பறவையும் சூழ நிற்கும் பேரெழுத்தோ இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முயல்கிறது. இந்த முயற்சியில் ஏற்பட்ட வெற்றிகளும் சறுக்கல்களும் சேர்ந்ததுதான் அலங்கார எழுத்தின் வரலாறு என்று சொல்லலாம்.

அந்த வரலாறு இப்போது வகுப்பறைச் சுவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பள்ளிப் பிராஜெக்டுக்காக 'மழைநீர் சேகரிப்பு' என்று சார்ட் பேப்பரில் தலைப்பு எழுத வேண்டிய மாணவர் இன்று ஸ்கேலையும் ஸ்கெட்ச் பேனாவையும் தேட வேண்டியதில்லை. நீர்த்துளிகளால் ஆன எழுத்துகள் வேண்டும் என்று ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால், சில நொடிகளில் படம் வந்துவிடுகிறது. துளிகள் மினுமினுக்கின்றன. எழுத்துகள்தான் சில சமயம் எந்த மொழிக்கும் உரியவையாக இல்லை. அழகாக இருக்கிறது, ஆனால் வாசிக்க முடியவில்லை.

இதைக் கணினி யுகத்தின் விநோதம் என்று கருதத் தோன்றும். ஆனால் அழகும் பிழையும் ஒரே எழுத்தில் கூடி நிற்பது மிகப் பழைய கதை. அலங்கரிப்பவர் வேறு, வாசிப்பவர் வேறு என்று தொழில் பிரிந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. அந்தப் பிரிவைக் கடந்து பிழையின்றி எழுத அன்றைய ஏடெழுதுவோர் ஓர் எளிய ஏற்பாட்டைக் கண்டறிந்திருந்தார்கள். இக்கட்டுரை அந்த ஏற்பாட்டைப் பற்றியது.

1

கி.பி. 800 வாக்கில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதியின் துறவிகள் உருவாக்கிய 'கெல்ஸ் நூல்' இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. நான்கு நற்செய்திகளின் லத்தீன் வடிவம் அது. கன்றுத்தோலில் எழுதப்பட்ட 340 ஏடுகள் எஞ்சியிருக்கின்றன. அதன் 34ஆம் ஏட்டின் முன்பக்கத்தில் கிறிஸ்துவின் பெயரைச் சுருக்கமாகக் குறிக்கும் கை, ரோ, அயோட்டா என்ற மூன்று கிரேக்க எழுத்துகள் ஏறத்தாழ முழுப் பக்கத்தையும் நிரப்பியிருக்கின்றன. எழுத்தின் உடலுக்குள் சுருள்கள், சுருள்களுக்குள் சிறு சுருள்கள், இடைவெளிகளில் பூனைகளும் எலிகளும் ஒரு நீர்நாயும். எழுத்தை அலங்கரிப்பதில் மனிதக் கை சென்ற எல்லைகளில் அதுவும் ஒன்று.

அதே நூலில் எழுத்துப்பிழைகளும் நிறைய உண்டு. மிகவும் பேசப்படுவது மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வருவது. தாம் கொண்டுவந்தது சமாதானத்தை அல்ல, வாளை என்று இயேசு கூறும் இடத்தில், வாளைக் குறிக்கும் 'கிளாடியும்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பதிலாக மகிழ்ச்சியைக் குறிக்கும் 'கௌதியும்' என்ற சொல் எழுதப்பட்டிருக்கிறது. ஓரிரு எழுத்துகளின் மாற்றத்தில் வாள் மகிழ்ச்சியாகிவிட்டது. இன்னோரிடத்தில், 218ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் எழுதியதையே அடுத்த பக்கத்தில் மறுபடியும் எழுதிவிட்டார்கள். பிழையான பக்கத்தைக் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. ஓரங்களில் சிவப்புச் சிலுவைக் குறிகளை இட்டு அதை நீக்கியதாகக் காட்டினார்கள். நீக்கக் குறிகூட அங்கே ஓர் அலங்காரமாகிவிட்டது.

இந்த நூல் அன்றாட வாசிப்புக்காக அன்றி, திருநாள்களில் பீடத்தின் மீது வைத்துக் காட்டப்படுவதற்காக உருவாக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அதன் எழுத்துகளுக்குப் பார்க்கப்படுவதே முதற்கடமை. வாசிக்க வேண்டிய பகுதியைத் துறவிகள் மனப்பாடமாகவே அறிந்திருந்தார்கள். பார்வைக்கென்று ஓர் எழுத்தை வைத்துவிட்டால், அது சரிதானா என்று பார்க்கும் கண் மெல்லத் தளர்ந்துவிடுகிறது. வகுப்பறைச் சார்ட்டைப் பற்றிப் பேசும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

2

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரீசு போன்ற பல்கலைக்கழக நகரங்களில் நூலாக்கம் மடங்களை விட்டு வெளியே வந்து கடைத்தெருத் தொழிலாயிற்று. தோல் பதப்படுத்துபவர், வரிகளை எழுதுபவர், சிவப்பு மையில் தலைப்பிடுபவர், பொன்னும் வண்ணமும் தீட்டுபவர் என்று வேலை பிரிந்தது. வரி எழுதுபவர், தொடக்க எழுத்து வர வேண்டிய இடத்தைச் சதுரமாக வெற்றிடம் விட்டு மேலே செல்வார். ஏடு பிறகு வண்ணக்காரரின் பட்டறைக்குப் போகும். அந்த வண்ணக்காரர் லத்தீனை வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படியானால் வெற்றிடத்தில் எந்த எழுத்தை வரைவது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வெற்றிடத்தின் நடுவிலோ ஓரத்திலோ, வரி எழுதியவர் மிகச் சிறியதாக ஓர் எழுத்தை எழுதி வைப்பார். 'இங்கே இந்த எழுத்து' என்பது அதன் பொருள். நூலாய்வாளர்கள் அதை வழிகாட்டி எழுத்து என்பார்கள். வண்ணக்காரர் அதன்மேல் பொன்னையும் நீலத்தையும் ஏற்றும்போது அது மறைந்துபோகும். தன் வேலை முடிந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் எழுத்து அது. சிற்றெழுத்து இல்லாத இடத்திலோ, இருந்தும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட இடத்திலோ, வண்ணக்காரர் வேறோர் எழுத்தை வெகு அழகாகத் தீட்டிவைத்த ஏடுகளும் உண்டு. அங்கே பொன் குறையவில்லை, சொல் சிதைந்தது.

அச்சுக்கலை வந்த பிறகும் இந்த ஏற்பாடு உடனே மறையவில்லை. 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் அச்சான கூட்டன்பெர்க் பைபிளின் சில பக்கங்களில் சிவப்புத் தலைப்புகளையும் அச்சிலேயே கொண்டுவர முயன்றார்கள். ஒவ்வொரு தாளையும் இருமுறை அழுத்த வேண்டியிருந்ததால் அதைக் கைவிட்டுத் தலைப்புகளைக் கையால் எழுதவிட்டார்கள். எந்த இடத்தில் என்ன தலைப்பை எழுத வேண்டும் என்று சிவப்பெழுத்தாளருக்குச் சொல்லும் வழிகாட்டிப் பட்டியல் ஒன்று தனியே அச்சிடப்பட்டது. மியூனிக், வியன்னா பிரதிகளோடு அந்தப் பட்டியல் இன்றும் எஞ்சியிருக்கிறது. பின்வந்த அச்சகத்தார் வெற்றிடத்தின் நடுவே வழிகாட்டிச் சிற்றெழுத்தையும் சேர்த்தே அச்சிடத் தொடங்கினார்கள். வாங்கியவர் வண்ணக்காரருக்குப் பணம் கொடுக்காமல் விட்டதனால், ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெற்றிடமும் சிற்றெழுத்துமாகவே நிற்கும் பதினைந்தாம் நூற்றாண்டு நூல்களைப் பல நூலகங்களில் காணலாம்.

1457இல் ஃபஸ்ட், ஷோஃபர் என்ற இருவர் மைன்ஸில் வெளியிட்ட சங்கீத நூல் இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். சிவப்பும் நீலமுமான பெரிய தொடக்க எழுத்துகளை அவர்கள் அச்சிலேயே கொண்டுவந்தார்கள். தேதியிட்டு வெளிவந்த முதல் ஐரோப்பிய அச்சு நூலும் அதுவே. 1457 ஆகஸ்ட் 14 என்ற நாள் அதன் முடிவுரையில் உள்ளது. தொடக்க எழுத்துகளின் அழகைப் பெருமிதத்தோடு பறைசாற்றுகிறது அந்த முடிவுரை. அதே வாக்கியத்தில் சங்கீதங்களைக் குறிக்கும் 'சால்மோரும்' என்ற லத்தீன் சொல்லில் முதலிரண்டு எழுத்துகள் இடம் மாறி 'ஸ்பால்மோரும்' என்று அச்சாகிவிட்டது. அலங்கார எழுத்தைப் புகழும் வாக்கியத்திலேயே எழுத்துப்பிழை! இயந்திரத்தால் ஆன அலங்காரத்தின் தொடக்கப் பக்கங்களிலேயே வரலாறு இப்படி ஒரு குறும்பைச் செய்துவைத்திருக்கிறது.

3

அடுத்த நானூறு ஆண்டுக் கதையைச் சுருக்கிவிடலாம். மரத்தில் செதுக்கிய தொடக்க எழுத்து நூல்தோறும் திரும்பத் திரும்பப் பயன்பட்டது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ், மரத்தைக் குடையும் இயந்திரத்தைக் கொண்டு பெரிய மர எழுத்துகளை மலிவாகச் செய்ய வழி கண்டார். அதன் பின் நாடக விளம்பரமும் ஏல அறிவிப்பும் தடித்த, நிழல் விழுந்த, பூவேலை செய்த எழுத்துகளால் நிறைந்தன. கோயில் ஏட்டில் ஒற்றையாய் அமர்ந்திருந்த அலங்கார எழுத்து தெருச் சுவருக்கு இறங்கிவந்தது.

இதற்கெதிரான குரல் இங்கிலாந்திலிருந்து எழுந்தது. 1853இல் ஜான் ரஸ்கின், 'வெனிஸின் கற்கள்' என்ற நூலின் 'கோதிக்கின் இயல்பு' என்ற அத்தியாயத்தில், அலங்காரத்தின் மதிப்பு அதைச் செய்தவரின் மனத்தோடும் உழைப்போடும் பிணைந்தது என்று வாதிட்டார். குறையற்ற நேர்த்தியைத் தொழிலாளியிடம் கட்டாயப்படுத்தினால் அவரைக் கருவியாக்கிவிடுவோம், கோணல்மாணலில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அவர் கருத்தின் சாரம். அந்த அத்தியாயத்தை 1892இல் தனி நூலாக அச்சிட்டவர் வில்லியம் மாரிஸ். 1891இல் அவர் நிறுவிய கெல்ம்ஸ்காட் அச்சகத்திற்காக நூற்றுக்கணக்கான தொடக்க எழுத்துகளைத் தம் கையாலேயே வரைந்தார். 1896இல் வெளியான சாசர் நூல் அந்த உழைப்பின் உச்சம்.

மாரிஸின் நூல்களை வாங்கச் செல்வர்களால்தான் முடிந்தது என்ற குறை நியாயமானதே. ஆனால் அந்த இயக்கத்தின் இன்னொரு கிளை பள்ளிக்கூடத்தை நோக்கி நீண்டது. 1905இல் வியன்னாவில் ருடால்ஃப் வான் லாரிஷ் 'அலங்கார எழுத்துப் பயிற்சி' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு பாடநூலையே வெளியிட்டார். லண்டனில் 1899 முதல் எழுத்துக்கலையைக் கற்பித்துவந்த எட்வர்ட் ஜான்ஸ்டன் தம் பாடங்களை 1906இல் நூலாக்கினார். எழுத்தின் வடிவத்தை வெளியிலிருந்து வரைந்து காட்டாமல், பட்டை நுனிப் பேனாவின் அசைவிலிருந்து அது எப்படிப் பிறக்கிறது என்று காட்டியது அவருடைய முறை. 1913இல் லண்டன் ஆசிரியர்களிடையே அவர் ஆற்றிய உரையின் தாக்கத்தால், அச்சு எழுத்தை ஒத்த எளிய கையெழுத்து முறை ஒன்று ஆங்கிலப் பள்ளிகளில் பரவியது.

இவர்களிடமிருந்து நாம் பெறும் பாடம், எழுத்தை அலங்கரிப்பதும் எழுத்தைக் கற்பதும் ஒரே செயலின் இரு முனைகள் என்பது. எந்தக் கோடு எழுத்தின் எலும்பு, எந்தக் கோடு அதன் ஆடை என்று பிரித்தறியத் தெரிந்தவரே அலங்கரிக்க முடியும். ஆகவே அலங்கரிக்கச் சொல்வது அந்தப் பிரித்தறிதலைக் கற்பிக்கும் வழியுமாகிறது.

4

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வேலை மீண்டும் கையிலிருந்து கருவிக்குப் போகத் தொடங்கியது. 1961இல் லண்டனின் லெட்ராசெட் நிறுவனம், தாளில் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும் உலர் மாற்றுத் தாள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1984இல் அமெரிக்காவில் பிராடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட 'தி பிரிண்ட் ஷாப்' என்ற மென்பொருள், ஆப்பிள் கணினியும் புள்ளி அச்சுப்பொறியும் இருந்த வகுப்பறைகளை நீண்ட தாள் பதாகைகளால் நிரப்பியது. 1991இல் வெளியான மைக்ரோசாப்ட் பப்ளிஷரோடு வந்த 'வேர்ட் ஆர்ட்', வளைந்தும் சாய்ந்தும் வானவில் நிறத்தில் நிழல் வீழ்த்தியும் நிற்கும் தலைப்புகளை உலகெங்குமுள்ள மாணவர்களின் பிராஜெக்ட் முகப்புகளில் ஏற்றியது. ரசனையில் தேர்ந்தவர்கள் அதைக் கண்டு முகம் சுளித்ததுண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லெட்ராசெட் தாளில் இருந்தது எழுத்துத்தான். வேர்ட் ஆர்ட் எவ்வளவு வளைத்தாலும் உள்ளே தட்டச்சிட்ட சொல் அப்படியே இருந்தது. பிழை நேர்ந்தால் அது தட்டச்சிட்டவரின் பிழை. வழிகாட்டிச் சிற்றெழுத்து கருவிக்குள் பத்திரமாக இருந்தது என்று இதைச் சொல்லலாம்.

அது முதலில் ஆட்டம் கண்டது வேறோர் எதிர்பாராத இடத்தில். 2001இல் வெளியான ஒருங்குறியின் 3.1 பதிப்பு, கணிதச் சமன்பாடுகளுக்காக லத்தீன் எழுத்துகளின் தடித்த, சாய்ந்த, சுருள் வடிவங்களைத் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்த்தது. கணிதத்துக்கு அது தேவையே. பின்னாளில் 'அலங்கார எழுத்து' வழங்கும் இணையக் கருவிகள் இந்தக் குறியீடுகளை எடுத்துப் பெயர்களையும் தலைப்புகளையும் அழகுபடுத்தப் பயன்படுத்தின. கண்ணுக்கு அது சுருளெழுத்தில் எழுதிய சொல். கணினிக்கோ வரிசையாக நிற்கும் கணிதக் குறிகள். பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைச் சொல்லாக வாசிக்காமல், ஒவ்வொரு குறியின் நீண்ட கணிதப் பெயரையும் ஒப்பித்துக்கொண்டே போகக்கூடும், அல்லது ஒன்றுமே சொல்லாமல் கடந்துவிடக்கூடும். பார்ப்பவருக்கு எழுத்து, கேட்பவருக்கு இரைச்சல். தமிழுக்கு இப்படிப்பட்ட மாற்றுக் குறியீடுகள் ஒருங்குறியில் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் இல்லாமையும் நன்மையே.

5

2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் டால்-ஈ என்ற கருவியை அறிவித்தது. 2022 ஏப்ரலில் டால்-ஈ 2, மே மாதத்தில் கூகுளின் இமேஜன், ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்று சொல்லிலிருந்து படம் வரையும் கருவிகள் அடுத்தடுத்து வந்தன. ஓவியரின் தூரிகையைப் போலச் செய்ய முடிந்த இவற்றில் பலவற்றுக்கு ஒரு கடைப் பலகையில் ஐந்தெழுத்துச் சொல்லைப் பிழையின்றி எழுத முடியவில்லை. எழுத்தின் சாயல் இருந்தது, எழுத்து இல்லை. 2022இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஜியானிஸ் தாராஸும் அலெக்சாண்ட்ரோஸ் டிமாக்கிஸும், டால்-ஈ 2 உளறும் இந்தப் போலிச் சொற்களில் சிலவற்றை மீண்டும் அதற்கே கொடுத்தால் பறவைகள் போன்ற குறிப்பிட்ட படங்கள் திரும்பத் திரும்ப வருவதாகக் காட்டினார்கள். அதற்கென்று ஒரு மறைமொழி இருக்கிறதா என்ற விவாதம் அதைத் தொடர்ந்து நடந்தது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. இக்கருவிகளுக்கு நாம் தரும் சொற்கள் எழுத்தெழுத்தாகப் போய்ச் சேருவதில்லை. ஒரு முழுச் சொல்லோ சொல்லின் பகுதியோ ஒரு துண்டாக்கப்பட்டு, அந்தத் துண்டுக்கு ஓர் எண் தரப்படுகிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் தொடக்கத்தில் பயன்படுத்திய மொழிப்பகுதியில் இத்தகைய துண்டுகள் சுமார் 49,000. ஒரு பூவின் பெயரைச் சொன்னால் அதன் நிறத்தையும் இதழ்களையும் தோட்டத்தையும் அந்த எண்ணோடு இணைத்துக் கருவி கற்றிருக்கும். அந்தப் பெயர் எந்தெந்த எழுத்துகளால் ஆனது என்பது மட்டும் அதற்குக் காட்டப்படவே இல்லை. பூவைத் தெரியும், பூ என்ற எழுத்தைத் தெரியாது. மறுபக்கத்தில் படம் வரையும் பகுதியோ, எழுத்தை மற்ற உருவங்களைப் போல ஒரு கோட்டுக் கோலமாகவே கற்றிருந்தது. புல்வெளியில் ஒரு புல் கூடினாலும் குறைந்தாலும் படம் கெடாது. சொல்லில் ஓர் எழுத்து கூடினால் சொல் கெட்டுவிடும் என்பதை அதற்குச் சொல்வார் இல்லை.

2022 டிசம்பரில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்த நோயின் மூலத்தைத் தெளிவாக்கியது. எழுத்துகளைத் தனித்தனியே காணும் மொழிப்பகுதியைப் பொருத்தினால் படத்திலுள்ள சொற்களின் எழுத்துக்கூட்டல் பெருமளவு திருந்துகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது, வண்ணக்காரருக்கு வழிகாட்டிச் சிற்றெழுத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்! பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பட்டறையில் ஒரு பேனா நுனியால் தீர்க்கப்பட்ட சிக்கலை இந்நூற்றாண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்து மீண்டும் தீர்க்க வேண்டியிருந்தது.

அதன் பின் முன்னேற்றம் விரைவாக நடந்தது. 2023 மார்ச்சில் அடோபி நிறுவனம் ஃபயர்ஃப்ளையை வெளியிட்டபோது அதிலிருந்த எழுத்து அலங்கார வசதி வேறொரு பாதையில் சென்றது. தட்டச்சிட்ட சொல்லின் எழுத்துரு விளிம்பை அடிப்படையாகக் கொண்டு, அதற்குள் பாசியையோ பாம்புத் தோலையோ பூக்களையோ நிரப்பியது. 2023 ஆகஸ்டில் ஐடியோகிராம், அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் டால்-ஈ 3, 2025 மார்ச்சில் ஜிபிடி-4ஓ கருவியின் படம் வரையும் வசதி என்று வந்தவை ஆங்கிலத் தலைப்புகளைப் பெரும்பாலும் பிழையின்றி எழுதத் தொடங்கின. ஆங்கிலத்தில் பெரும்பாலும் தீர்ந்துவந்த சிக்கல் தமிழ் போன்ற எழுத்துமுறைகளில் அவ்வளவு எளிதில் தீரவில்லை. இந்த இடத்தில் தமிழ் வகுப்பறைக்கு வரவேண்டியிருக்கிறது.

6

'மழைநீர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? ம, ழை, நீ, ர் என்று நான்கு. ஒரு குழந்தையும் விரல்விட்டு எண்ணிவிடும். கணினியின் கணக்கு வேறு. ஒருங்குறியில் அது ஏழு குறியீடுகள். மகரம், ழகரம், ஐகாரக் குறி, நகரம், ஈகாரக் குறி, ரகரம், புள்ளி. அவற்றை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது குறியீட்டுக்கு மூன்று பைட்டாக இருபத்தொரு பைட்டுகள். மேலும், ஐகாரக் குறி சேமிப்பில் ழகரத்துக்குப் பின்னால் வருகிறது, கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. 'கொ' என்ற எழுத்தில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தை இருபுறமும் அணைத்து நிற்கிறது. தமிழ் எழுத்துகளைக் குறைவாகவே பார்த்திருக்கும் கருவி, இந்த வரிசை மாற்றத்தையும் சேர்த்துக் கற்க வேண்டும்.

இதைவிட நுட்பமான இடர் அலங்காரத்திலேயே இருக்கிறது. லத்தீன் பேரெழுத்தின் மேல் அழகுக்காக ஒரு பொட்டு வைத்தால் சொல் கெடுவதில்லை. தமிழில் எழுத்தின் மேல் பொட்டு என்பது புள்ளி, உயிரை நீக்கி மெய்யாக்கும் இலக்கணம். 'கண்' என்ற சொல்லின் புள்ளி பூக்களுக்குள் தொலைந்தால் 'கண' ஆகிவிடும். எகரத்தின் அடியில் ஒரு கோட்டை அழகுக்காக இழுத்தால் அது ஏகாரம். ஒகரத்தின் வாலைச் சுழித்துவிட்டால் அது ஓகாரம். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி இட வேண்டும் என்றது தொல்காப்பியம். நெடிலுக்குக் கோடும் சுழியும் தந்து வேறுபடுத்தும் இன்றைய வழக்கம் வீரமாமுனிவரோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுவது. எது அணி, எது எழுத்து என்ற எல்லை தமிழில் ஒரு கோட்டின் நீளத்தில் இருக்கிறது. எழுத்தறியாத கருவி அந்த எல்லையை மிக எளிதாகத் தாண்டிவிடுகிறது.

நம் மரபு இந்த எல்லையை நன்கறிந்தே விளையாடியது. சித்திரகவிகளை இங்கே நினைக்கலாம். இரதபந்தத்தில் பாட்டு தேர் வடிவில் கட்டங்களுக்குள் அமர்கிறது. நாகபந்தத்தில் பாம்புகளின் உடல் வழியே ஓடுகிறது. உடல்கள் குறுக்கிடும் கட்டத்தில் நிற்கும் எழுத்து இரு வரிகளுக்கும் பொதுவாக அமைய வேண்டும். ஓர் எழுத்து பிழைத்தால் படமும் கெடும், பாட்டும் கெடும். இவற்றை வெறும் மிறைக்கவி என்று ஒதுக்குவோர் உண்டு. கவிதை என்ற அளவில் அது சரியாகவும் இருக்கலாம். ஆயினும் எழுத்தைப் படமாக்கும்போது எழுத்தெண்ணிக்கையை விட்டுவிடக் கூடாது என்ற ஒழுக்கத்தை அவை வைத்திருந்தன.

அதே ஒழுக்கம், பெயர் சொல்லப்படாமல், சார்ட் பேப்பர் எழுதிய கைகளிலும் இருந்தது. தலைப்பு எழுதும் மாணவர் முதலில் சொல்லை எழுத்தெழுத்தாக எண்ணுவார். தாளின் அகலத்தை அந்த எண்ணிக்கையால் வகுத்துப் பென்சிலால் கட்டம் போடுவார். 'ழை'க்குக் கட்டம் அகலமாக வேண்டும், 'ர்' குறுகலில் அடங்கும் என்று அங்கேதான் கண்டுகொள்வார். புள்ளிக்கு மேலே இடம் விட மறந்தால் அழித்து மறுபடி எழுதுவார். அசை பிரிக்கக் கற்கும் முன்பே எழுத்தை அளக்கக் கற்ற இடம் அது. தலைப்பு கோணலாக முடிந்த சார்ட்டிலும் இந்தக் கல்வி நிகழ்ந்திருக்கும். ரஸ்கின் சொன்ன கோணலுக்கு இங்கேயும் மதிப்பு உண்டு.

7

ஆகவே இக்கருவிகளை வகுப்பறைக்குள் விடக்கூடாது என்று சொல்லலாமா? வரலாறு அதற்குத் துணை வராது. மர எழுத்தையும் லெட்ராசெட்டையும் வேர்ட் ஆர்ட்டையும் தடுத்து நிறுத்தியவர் எவரும் இல்லை, நிறுத்தியிருக்க வேண்டியதும் இல்லை. ஓவியம் வராத கை கொண்ட மாணவருக்கும், நாற்பது குழந்தைகளுக்கு நாற்பது பெயர் அட்டைகள் செய்ய வேண்டிய ஆசிரியருக்கும் இவை பெரும் உதவி. கெல்ஸ் நூலின் துறவிக்குப் பல நாள் ஆகியிருக்கக் கூடிய வேலையை ஒரு சிற்றூர்ப் பள்ளி மாணவி நொடியில் பெறுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி, சங்கிலியில் யாரிடம் சொல் இருக்கிறது என்பதே. பட்டறையில் வண்ணக்காரர் வாசிக்கத் தெரியாதவராக இருந்தாலும், வாசிக்கத் தெரிந்த ஒருவர் அவருக்கு முன்னால் ஒரு சிற்றெழுத்தை எழுதி வைத்தார். இன்று அந்த இடம் மாணவருடையது. கருவியிடம் போகும் முன் தலைப்பைத் தாளில் சிறியதாக, தம் கையால், எழுத்தெண்ணி எழுதட்டும். தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்ட சொல்லை விளிம்பாகக் கொண்டு அதற்குள் மட்டும் அலங்காரத்தைக் கேட்கட்டும். அது இயலாவிட்டால் மழையையும் மேகத்தையும் கருவி வரைந்து தரட்டும், நடுவில் விட்ட வெற்றிடத்தில் எழுத்தைத் தாமே எழுதட்டும். வந்த படத்தைச் சுவரில் ஒட்டும் முன், எழுதி வைத்த சிற்றெழுத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடட்டும். இவ்வளவுக்கும் சில நிமிடங்கள் போதும்.

கருவிகள் இன்னும் தேறும். தமிழையும் பிழையின்றி எழுதும் நாள் வரும், வந்துகொண்டிருக்கிறது. அன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்குத் தேவையற்றதாகத் தோன்றலாம். அப்போதும் அது தேவைப்படும் என்றே எண்ணுகிறேன். சுவரில் ஆண்டு முழுதும் தொங்கும் எழுத்தைத்தான் ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுத்தின் சரியான வடிவம் என்று நம்புகிறது. அதற்குப் பொன்னும் நீலமும் பூசுவது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். உள்ளே நிற்கும் சிற்றெழுத்தை, எழுத்தை எண்ணத் தெரிந்த ஒருவர் எழுதியிருக்க வேண்டும்.